வாப்பா பார்க்காத ஆட்டங்கள்

நௌஷின் பிறந்தபோது அவள் வாப்பா நெய்னா முகம்மது சார்ஜாவில் இருந்தார். அவள் முதல் தடவை பந்தை உதைத்தபோதும் அங்கேதான் இருந்தார். ஒரு ஹார்டுவேர் கடையில் விற்பனையாளர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை காரைக்காலுக்கு வருவார். வந்த மாதம் முழுக்கக் கல்யாண வீடு, துக்க வீடு, பாஸ்போர்ட் ஆபீஸ் என்று ஓடிவிடும். கிளம்பும் அன்று மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்ப வேண்டாம் என்று மனைவி மஹ்பூபாவிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவள் பந்தாட வந்தது தற்செயல்தான். அரசு பெண்கள் பள்ளியில் அவள் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், மண்டலப் போட்டிக்குக் கால்பந்து அணி அனுப்ப ஆள் போதவில்லை. ஓடத் தெரிந்த பெண்கள் எல்லாரும் கோகோவுக்குப் போய்விட்டார்கள். விளையாட்டு டீச்சர் ராஜம் ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கி, "மத்தியானம் வெயில்ல நிக்க யாரால முடியும்?" என்று கேட்டார். கணக்குப் பரீட்சையிலிருந்து தப்பிக்க நௌஷின் கையைத் தூக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓவியா, தோழி தூக்கினாளே என்று தானும் தூக்கினாள்.

அந்தப் போட்டியில் படுதோல்வி. ஆனால் ஒரே ஒரு தடவை பந்து நௌஷினின் இடது காலுக்கு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோட்டோரமாக ஓடினாள். எதிரணிப் பெண்கள் துரத்திவந்தும் பிடிக்க முடியவில்லை. பந்தை என்ன செய்வதென்று தெரியாமல் மைதானத்தின் எல்லையையும் தாண்டி வேப்பமரம் வரை ஓடிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் முன்னால் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள்.

ஓவியா விழிதியூரிலிருந்து சைக்கிளில் வருவாள். அவள் அப்பா கருப்பையன் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். வயல் வேலை இல்லாத நாளில்தான் மகளை விடுவார். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் ஈர மணல் இறுகிக் கிடக்கும். அங்கே இருவரும் கோல் கம்பத்துக்குப் பதில் செருப்புகளை வைத்து ஆடுவார்கள். மணலில் ஓடி ஓடி நௌஷினின் கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிவிட்டது. மஹ்பூபா முதலில் திட்டினாள். பிறகு, காற்றில் அவிழாத மாதிரி தலைத்துணி ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு திட்டவில்லை.

வாப்பாவுக்கு அப்போது இதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சார்ஜாவில் அவர் தங்கியிருந்த அறையில் எல்லாரும் கால்பந்துப் பைத்தியம். வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்தால் முதல் கேள்வியே, "எத்தன கோல் போட்ட?" என்பதுதான். பூஜ்யம் என்று சொன்னால், "கோல்கீப்பர் நல்லவளா இருந்திருப்பா. விடு" என்பார்.

பதினைந்து வயதில் அவளுக்கு முதல் அடி விழுந்தது. பக்கத்து மாவட்டத்தில் தமிழக அரசின் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளும் ஓவியாவும் போனார்கள். ஓட்டத்தில் நௌஷின் முதலாவதாக வந்தாள். ஆட்டத்தில் அவளைப் பார்த்துத் தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ரேஷன் கார்டைப் பார்த்தவர், "புதுச்சேரி கார்டும்மா இது. நீங்க வேற மாநிலம்" என்றார்.

"வாஞ்சூர் தாண்டுனா தமிழ்நாடுதான் சார். நாங்க சைக்கிள்லயே போயிட்டு வருவோம்" என்றாள் ஓவியா.

"சைக்கிள்ல எங்க வேணா போலாம்மா. விடுதில எடம் குடுக்க முடியாது."

ஓவியா அந்த வருஷமே ஆட்டத்தை விட்டுவிட்டாள். வீட்டில் நடவு ஆளுக்குத் திண்டாட்டம்; அதோடு அவளுக்கு வெறுத்தும் போய்விட்டது. நௌஷினுக்கு விட முடியவில்லை. புதுச்சேரி மாநில அணியின் பயிற்சியாளர் சிவநாதன், "வர முடியுமா? தங்க எடம் மட்டும் தர்றேன்" என்று சொல்லியனுப்பினார். பள்ளி விடுமுறைகளெல்லாம் கடலோரச் சாலையில் பஸ்ஸிலும் புதுச்சேரி மைதானத்திலுமாகக் கழிந்தன. பதினெட்டு வயதில் தேசியப் போட்டியில் அவளுடைய அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆனாலும் அவளை மட்டும் கோழிக்கோட்டுக் கிளப் ஒன்று கூப்பிட்டது. ஒப்பந்தம், சம்பளம், தங்குமிடம் எல்லாம் உண்டு.

அதே மாதத்தில் மஹ்பூபாவின் தம்பி காஜா நஜ்முதீன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, நல்ல குடும்பம். வாப்பா சார்ஜாவிலிருந்தே சரி சொல்லிவிட்டார்.

நௌஷின் போனை வாங்கி, "எனக்கு இப்ப வேணாம் வாப்பா. நான் கோழிக்கோடு போறேன்" என்றாள்.

"வெளாட்டு வெளாட்டா இருக்கணும் புள்ள. அதையே பொழப்பாக்க முடியுமா?"

"முடியும்னுதான் கூப்புடுறாங்க."

"நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"என்னக் கேக்காம குடுத்துட்டீங்க."

அவர், "சரி. இனிமே ஒனக்கு என்ன வேணுமோ ஒன் உம்மாகிட்ட சொல்லிக்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

கோபம் ஒரு வாரத்தில் தணிந்துவிடும் என்று நினைத்தாள். தணியவில்லை. அவர் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கூப்பிட்டார். நௌஷின் ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் மஹ்பூபா வேண்டுமென்றே போனை ஸ்பீக்கரில் போடுவாள். "வீட்டுல மத்த ஆளுங்க சௌக்கியமா?" என்று கேட்பார். மற்ற ஆள் என்று அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். "சௌக்கியமா இருக்கேன் வாப்பா" என்று அவள் சொன்னால், "அவங்கள ஒடம்பப் பாத்துக்க சொல்லு" என்று மஹ்பூபாவிடம் சொல்வார்.

கோழிக்கோட்டில் முதல் பருவம் பெரும்பாலும் பெஞ்சில்தான். இரண்டாம் பருவத்தில் இடதுபக்க ஓட்டம் அவளுடையதாகிவிட்டது. மைதானத்தின் மூலைக் கோணத்திலிருந்து அவள் வளைத்தடிக்கும் பந்துகளைப் பற்றி மலையாளப் பத்திரிகை எழுதியது. புவனேஸ்வரத்துக் கிளப் ஒன்று இரட்டைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. பேப்பரில் படம் வந்ததும் காஜா நஜ்முதீனே அதை வெட்டித் தன் ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். கோல் போட்ட ஒவ்வொரு தடவையும் நௌஷின் வாப்பாவுக்கு அந்த வீடியோவை அனுப்புவாள். அவர் பார்த்த அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் விழும். பதில் வராது.

அப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. வழக்கமாக வரும் வருஷத்திலும் அவர் ஊருக்கு வரவில்லை. பிறகு அவளை இந்திய அணி முகாமுக்கு அழைத்தார்கள். நட்புப் போட்டி துபாயில் என்று தெரிந்ததும் வாப்பாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "வாப்பா, அங்கதான் வர்றேன். ஸ்டேடியம் பேரு, ஹோட்டல் பேரு அனுப்பியிருக்கேன். முடிஞ்சா வாங்க."

ஆட்டத்தன்று தேசியகீதம் பாடும்போது பார்வையாளர் பகுதியில் அவரைத் தேடினாள். கூட்டம் அதிகமில்லை, இருந்தால் தெரிந்திருப்பார். இரண்டாம் பாதியில் அவளை இறக்கினார்கள். இந்தியச் சட்டையில் அவளுக்கு அதுதான் முதல் ஆட்டம். இரண்டு தடவை நன்றாக ஓடினாள், ஒரு பந்தைக் கம்பத்தில் அடித்தாள். ஆட்டம் சமனில் முடிந்தது. அப்போதும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஹோட்டலில் குளித்துவிட்டுச் சாப்பிட இறங்கி வந்தாள். லிப்ட் கதவு திறந்ததும் வாப்பாவைப் பார்த்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் பேரீச்சம்பழப் பை. தாடி முழுக்க நரைத்திருந்தது. அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அருகே போனபோதுதான் தெரிந்தது, அணியின் மணிப்பூர்ப் பெண் லிந்தோயின் தலையில் கை வைத்துக்கொண்டு பேசுகிறார். லிந்தோயும் இவளைப் போலவே நீல டிராக்சூட் போட்டிருந்தாள், ஏறக்குறைய இவள் உயரம்தான். அவர் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. லிந்தோய் விலகத் தெரியாமல் அப்படியே நின்றாள்.

"…பஸ்ஸு வேற ஸ்டேடியத்துல எறக்கி விட்டுருச்சு புள்ள. தேடிக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இவ்வளவு நாள் பேசாம இருந்துட்டு இன்னிக்கும் ஒன்னப் பாக்காம விட்டுட்டேன். நீ மனசுல வச்சுக்காத" என்றார்.

நௌஷினுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. மறுகணம் புரிந்தது. தலைத்துணி இல்லாத, வேற்று முகமுள்ள ஒரு பெண்ணை, ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, வாப்பா மகள் என்று நினைக்கிறார். அவருக்குக் கண் தெரியவில்லை.

லிந்தோயைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். மெதுவாக அவளை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் நின்றாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல ஒண்ணுமில்ல வாப்பா. வாங்க, உக்காருவோம்" என்றாள்.

"இப்பதான் வாயத் தொறக்குறியா" என்று அவர் சிரித்தார்.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கூட்டிப்போக வந்த அறைத்தோழரின் காரில் அவரை ஏற்றிவிடும்போது, அந்தத் தோழரைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டாள். "சக்கரை கண்ணுக்கு ஏறிடுச்சும்மா. ஒரு வருஷமாச்சு. கடையில சாமான எல்லாம் தொட்டுப் பாத்தே சமாளிக்கிறாரு. ஒங்க வீட்டுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நீ அனுப்புற வீடியோவ எல்லாம் காதுகிட்ட வச்சிக் கேப்பாரு" என்றார் அவர்.

மாடியில் லிந்தோய் அவளுக்காகக் காத்திருந்தாள். "உன் அப்பா ரொம்ப நேரம் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னித்துக்கொள்" என்று இந்தியில் சொன்னாள். என்ன சொன்னார், ஏதாவது சொல் ஞாபகம் இருக்கிறதா என்று நௌஷின் கேட்டாள். லிந்தோய் யோசித்து, "தப்பு. அதைப் பல தடவை சொன்னார். தப்பு, தப்பு என்று" என்றாள். மற்றதெல்லாம் போய்விட்டது. இரண்டு வருஷம் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்ததை அவர் சொல்லி முடித்துவிட்டார். இனி இன்னொரு தடவை சொல்ல மாட்டார். சொல்லுங்கள் என்று இவளாலும் கேட்க முடியாது.

அன்றே மஹ்பூபாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மஹ்பூபா அழவில்லை. "வரச் சொல்லு. சம்பாதிச்சது போதும்" என்றாள். அவர் வர மறுத்தார். அடுத்த நோன்புக்கு முன்னால் கடையில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று சொன்ன பிறகுதான் வந்தார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நௌஷின் பிறந்ததிலிருந்து அவர் திரும்பிப் போகும் தேதி இல்லாமல் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. மதுரையில் கண்ணைப் பார்த்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்றார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொன்னாள். அவர் கோபப்பட்டார். "நான் கண்ணு தெரியாம கெடக்குறேன். நீயும் கால் இல்லாம கெடக்கப் போறியா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "துபாய்ல அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"வச்சிருக்கேன் வாப்பா."

"அப்ப சரி" என்று அவர் தலையாட்டினார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவள் புவனேஸ்வரத்துக்குத் திரும்பினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் அவரைக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மஹ்பூபாவும் காஜா நஜ்முதீனும் பார்த்துக்கொண்டார்கள். கீழவாஞ்சூர் துறைமுக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஓவியா, முடிந்தபோதெல்லாம் ஸ்கூட்டரில் மருந்து வாங்கிவந்து கொடுத்தாள். ஆட்டம் உள்ள நாட்களில் மஹ்பூபா போனைத் தலையணையில் சாய்த்துவைத்து அவருக்குப் பக்கத்தில் உட்காருவாள். வர்ணனை ஆங்கிலத்தில் வரும், இருவருக்கும் விளங்காது.

"நம்ம ஆளுங்க யாரு?" என்பார்.

"மஞ்ச சட்ட."

"பந்து எங்க இருக்கு?"

"அங்க ஓடுது. இப்ப இங்க ஓடுது."

"அங்கன்னா எங்க? நான் எப்படிப் பாக்குறது? ஒழுங்கா சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒரே சமயத்தில் இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. மஹ்பூபா கற்றுக்கொண்டாள். இடதுபக்கம், வலதுபக்கம், கோணம், ஆப்சைடு எல்லாம் அவள் வாயில் வர ஆரம்பித்தன. நௌஷின் காலுக்குப் பந்து வந்தால் அவள் குரல் மாறுவதை வைத்தே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

தை மாதத்தில் அவர் உடம்பு இறங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தார். அன்று புவனேஸ்வர அணி மோசமாகத் தோற்றது. நௌஷினையும் பாதியிலேயே வெளியே கூப்பிட்டுக்கொண்டார்கள். மறுநாள் விடியற்காலைத் தொழுகை நேரத்தில் அவர் மௌத்தாகிவிட்டார்.

காஜா நஜ்முதீன் அவளைக் கூப்பிட்டார். "நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கச் சொல்லவா?" என்று கேட்டார்.

சென்னைக்கு விமானம், அங்கிருந்து கார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொழுது சாய்ந்துவிடும். "வேணாம் மாமா. காக்க வைக்காதீங்க" என்றாள்.

அவள் வந்தபோது வாசலில் சாமியானா மட்டும் இருந்தது. ஆண்கள் மையவாடியில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அவர் படுத்திருந்த கட்டிலை மடக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். ஓவியா அவள் பையை வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மஹ்பூபா வெள்ளைச் சேலையில் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் எல்லாரும் வெளியே போன பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நேத்து நீ கோல் போட்டதா வாப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

"நானா? என்னப் பாதியிலயே எடுத்துட்டாங்களே உம்மா."

"தெரியும். அவங்க கேட்டாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. இடதுபக்கமா ஓடுறா, ரெண்டு பேரத் தாண்டிட்டா, அடிச்சுட்டா, உள்ள போயிருச்சுன்னு சொன்னேன்."

நௌஷின் தாயின் மடியில் தலை வைத்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க. திரும்பவும் மொதல்லேருந்து சொன்னேன். கேட்டுக்கிட்டே தூங்கிட்டாங்க." மஹ்பூபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பொய் சொல்லி அனுப்பிட்டேன் புள்ள. நான் கையேந்தி துஆ கேக்கும்போதெல்லாம் அதான் நெஞ்சுல நிக்குது."

நௌஷின் எழுந்து தாயைக் கட்டிக்கொண்டாள். ஓவியா கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆறிப்போகும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

இந்திய அணியின் அடுத்த முகாமுக்கு அவள் போகவில்லை. அவள் இடத்தில் வேறொரு பெண்ணை எடுத்தார்கள். அந்தப் பெண் நன்றாக ஆடவும் செய்தாள். திரும்பவும் கூப்பிடுவார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாசி மாதக் கடைசியில் புவனேஸ்வரத்துக்குக் கிளம்பினாள். கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா காலம் முடியாததால் மஹ்பூபா வாசலுக்கு வர முடியாது. அறைக்குள்ளேயே மகள் நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினாள். ஓவியா ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டாள். ரயில் கிளம்பும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஆட்டத்தில் நௌஷின் முழு நேரமும் ஆடினாள். கோல் போடவில்லை. அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தவுடன், ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பாத்தியா உம்மா?"

"பாத்தேன். மொதப் பாதியில ஒன் காலுக்குப் பந்தே வரல. அந்த நடுவுல ஆடுற நெட்டச்சி எல்லாத்தையும் வலதுபக்கமே தட்டி விடுறா. ரெண்டாம் பாதியில நீ ஓடுன பாரு, கோணத்துலேருந்து ஒண்ணு வளைச்சு அடிச்சியே, அது நல்லா இருந்துச்சு. அந்த மஞ்ச சட்டக்காரிதான் தலையக் குடுக்காம விட்டுட்டா."

மஹ்பூபா முதல் விசிலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நௌஷின் சுவரில் சாய்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.